மருந்து கொடுத்தவனும் அவன்தான்

பாங்காக்கின் சலாடேங் சாலையில் 1975-ல் கனித் ஹவுஸ் என்றொரு அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்தது. கீழே நீச்சல் குளம், மாடியில் 504-ம் எண் வீடு. அலான் கோத்தியே என்ற இளம் ரத்தின வியாபாரி, தன் கனடா நாட்டுக் காதலியோடு அங்கே குடியிருந்தான். முதுகில் பையைச் சுமந்துகொண்டு ஊர் சுற்ற வந்த வெள்ளைக்கார இளைஞர்கள் அந்த வீட்டுக்கு வந்தபடியே இருப்பார்கள். சாப்பாடு உண்டு, படுக்க இடம் உண்டு. காசு கேட்பதில்லை. கையிருப்பை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் இருபத்து மூன்று வயதுக்காரனுக்கு முன்பின் தெரியாத ஊரில் வேறென்ன வேண்டும்?

ஒரே ஒரு குறை. அங்கே தங்கியவர்களுக்கு அடிக்கடி உடம்பு படுத்தியது. பிரான்ஸிலிருந்து வந்த ஓர் இளைஞன் வாரக்கணக்கில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். வயிற்றுப்போக்கு, வாந்தி, எந்நேரமும் தூக்கம். வீட்டுக்காரன் அவனைக் கூடப்பிறந்தவனைப்போல் கவனித்துக்கொண்டான். வேளை தவறாமல் மருந்து கலக்கிக் கொடுத்தான். மருந்து உள்ளே போகப் போக உடம்பு மோசமானது. பாங்காக் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் அப்படித்தான் நம்பினான். நோயைக் கொடுத்தவனே பக்கத்தில் உட்கார்ந்து மருந்தும் புகட்டுகிறான் என்று யாருக்குத் தோன்றும்?

அலான் கோத்தியேயின் நிஜப் பெயர் சார்லஸ் சோப்ராஜ்.

1986-ல் செய்தித்தாள் படித்த யாருக்கும் அந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. திகார் சிறைக் காவலர்களுக்கு இனிப்பு கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு வாசல் வழியாகவே நடந்து போனவன். இளைய தலைமுறை அவனை 2021-ல் வந்த ‘தி செர்பன்ட்’ தொடரில் பார்த்திருக்கும். இரண்டு தலைமுறைகளுக்கும் போய்ச் சேர்ந்தது ஒரே படம்தான்: வசீகரமான கண்கள், மயங்கி விழும் பெண்கள், எந்தச் சிறையாலும் அடைத்துவைக்க முடியாத சர்ப்பம். பத்திரிகைக்காரர்களான நாங்கள்தான் அந்தப் படத்தை வரைந்தோம், நன்றாகவே விற்றது. ஆனால் வழக்கு விவரங்களைப் பொறுமையாகப் படித்தால் கண்ணுக்கும் காந்தத்துக்கும் அங்கே பெரிய வேலை இருந்ததாகத் தெரியவில்லை. பயணியிடம் என்ன இல்லையோ அதைக் கொண்டுவந்து நீட்டினான். அவ்வளவுதான் வித்தை.

நாடில்லாத பிள்ளை

அவன் பிறந்தது 1944 ஏப்ரல் 6-ம் தேதி, சைகோனில். அப்பா சிந்தி வியாபாரி, அம்மா வியட்நாமியப் பெண். அப்பா கைவிட்டுப் போனார். அம்மா பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த, ஜப்பானியப் படை நின்ற ஊரில், இந்தியனுக்கும் வியட்நாமியப் பெண்ணுக்கும் பிறந்த அந்தப் பிள்ளை எந்த நாட்டுப் பிரஜை? சிறு வயதில் அவனுக்குக் குடியுரிமை என்று எதுவும் இருக்கவில்லை. சைகோனுக்கும் பிரான்ஸுக்கும் இடையே பந்தாடப்பட்டு வளர்ந்தான். 1963-ல் திருட்டு வழக்கில் பாரிஸுக்கு அருகிலுள்ள புவாசி சிறைக்குப் போனான். சிறைக்கு வந்து கைதிகளைச் சந்திக்கும் தொண்டர் ஒருவர் அவன்மேல் பரிவு கொண்டு, வெளியே வந்ததும் நல்ல மனிதர்களின் வீட்டு விருந்துகளுக்கு அழைத்துப் போனார். அங்கே பழகக் கற்றுக்கொண்டான். அந்த வீடுகளில் எதைத் திருடலாம் என்பதையும் கற்றுக்கொண்டான்.

இந்தக் குழந்தைப் பருவத்தை வைத்து அவனுக்காகக் கண்ணீர் விடும் புத்தகங்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சைகோனில் அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். பாஸ்போர்ட் இல்லாமல் பிறந்தவன் வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களின் பாஸ்போர்ட்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தான். எல்லைச் சாவடியில் நிற்கிற ஆளை யாரும் பார்ப்பதில்லை, அவன் நீட்டுகிற காகிதத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பது அவனுக்குச் சின்ன வயதிலேயே புரிந்துவிட்டது.

1970-ல் கர்ப்பிணி மனைவியோடு காரில் பிரான்ஸை விட்டுக் கிளம்பினான். வழியெல்லாம் மோசடி. மும்பையில் பெண் குழந்தை பிறந்தது. 1971-ல் டெல்லி அசோகா ஹோட்டலில், நகைக்கடைக்கு மேல்மாடியில் தங்கியிருந்த ஒரு நடனக்காரியின் அறையைப் பிடித்துவைத்துக்கொண்டு, கடையைக் கொள்ளையடித்தான். பிடிபட்டதும் குடல்வால் வலி என்று நடித்து மருத்துவமனைக்குப் போய் அங்கிருந்து தப்பினான். காபூலில் சிறை, காவலருக்கு மயக்க மருந்து கொடுத்துத் தப்பினான். மனைவியையும் குழந்தையையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனான். ஏதென்ஸில், அம்மாவின் இரண்டாம் திருமணத்தில் பிறந்த தன் தம்பியைப் போலீஸ் கையில் விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பினான். அந்தத் தம்பி துருக்கிச் சிறைக்குப் போனான். வசீகரன் என்று பெயரெடுத்த ஒருவன், தன்னை நம்பி வந்த சொந்தங்களை ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொருவராக அடகு வைத்துவிட்டு நகர்ந்திருக்கிறான் என்பது இந்தக் கதையைச் சிலாகித்துச் சொல்பவர்கள் கண்ணில் ஏனோ படுவதில்லை.

இஸ்தான்புல்லில் ஏறினால் காத்மாண்டு

அவன் வேட்டையாடிய பாதைக்கு ஒரு பெயர் இருந்தது: ஹிப்பி பாதை. இஸ்தான்புல்லில் பஸ் ஏறினால் டெஹ்ரான், காபூல், பெஷாவர், டெல்லி வழியாகக் காத்மாண்டு வரை போகலாம். 1960-களின் நடுவிலிருந்து ஐரோப்பிய, அமெரிக்க, ஆஸ்திரேலிய இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அந்த வழியில் வந்தார்கள். சிலர் ஞானம் தேடி, சிலர் கஞ்சா தேடி, பெரும்பாலோர் வீட்டை விட்டுக் கொஞ்ச நாள் விலகி இருந்தால் போதும் என்று. காத்மாண்டுவில் அவர்கள் கூடிய ஜோச்சென் தெருவுக்கு ‘ஃப்ரீக் ஸ்ட்ரீட்’ என்றே பெயர் விழுந்தது. 1979-ல் ஈரானில் புரட்சி, ஆண்டு முடிவதற்குள் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை, பாதை அடைபட்டது.

அந்தப் பாதையில் ஒருவன் காணாமல் போனால் எப்போது தெரியவரும் என்று யோசித்துப் பாருங்கள். கைப்பேசி இல்லை. ஊருக்கு டிரங்க் கால் போட்டால் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவு போய்விடும். வீட்டிலிருந்து வரும் கடிதங்கள் அந்தந்த ஊர்ப் பெரிய தபால் நிலையத்தில் காத்திருக்கும். பயணி போய்ப் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிக்கொள்வான். மூன்று மாதம் பதில் வராவிட்டாலும் அம்மா அப்பா பெரிதாகப் பதற மாட்டார்கள். மலையில் எங்காவது இருப்பான் என்று நினைத்துக்கொள்வார்கள். தூதரகத்துக்குப் போய்ச் சொன்னால், அழுக்கு ஜீன்ஸும் நீண்ட முடியுமாக அலையும் இன்னொரு ஹிப்பி என்று அங்கே எழுதிவைத்துக்கொள்வார்கள்.

பணமும் அப்படித்தான். எல்லோரிடமும் டிராவலர்ஸ் செக். வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது இன்னொன்று. தொலைந்தால் நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரும். அதனால் கைச்செலவுக்குத் திண்டாடியவர்கள் செக்கைக் கள்ளச் சந்தையில் விற்றுவிட்டுத் தொலைந்துபோனதாகப் புகார் கொடுப்பதும் நடந்தது. நிஜமாகவே பறிகொடுத்தவன் காவல் நிலையத்துக்குப் போனால் அங்கே நம்புவாரில்லை. பையில் கஞ்சா வைத்திருப்பவனோ காவல் நிலையம் இருக்கும் தெருவுக்கே போக மாட்டான். பாஸ்போர்ட்டில் புகைப்படம் பசை போட்டு ஒட்டியது. கை தேர்ந்தவனுக்குப் படத்தைப் பிரித்துத் தன் படத்தை ஒட்ட ஒரு மாலைப்பொழுது போதும்.

இந்த ஓட்டைகள் எல்லாவற்றையும் அவன் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தான். பணம், பாஸ்போர்ட், பேசத் தெரிந்த பாஷை, சொந்தபந்தம் நான்கும் அரைகுறையாக இருக்கும் ஒருவனிடம் போய், நான்கையும் தருகிறேன் என்று சொன்னால் போதும். பிரெஞ்சுக்காரனோடு பிரெஞ்சில் பேசினான், அமெரிக்கனோடு ஆங்கிலத்தில். பாதி ஆசிய முகம், பாதி ஐரோப்பிய நடை. ரத்தினக் கல்லைச் சந்தை விலைக்குக் கீழே வாங்கித் தருவான். ஊருக்குக் கொண்டுபோய் விற்றால் பயணச் செலவு முழுக்க மிச்சம் என்பான். தாய்லாந்து நீலக்கல்லுக்கும் மாணிக்கத்துக்கும் பேர்போன நாடு என்பதால் பேச்சில் பொய் துருத்திக்கொண்டு தெரியாது.

பிறகுதான் அந்தப் பானம். தூக்க மருந்தும் பேதி மருந்தும் அளவோடு கலந்தது. விருந்தாளி சாய்ந்ததும் பையைத் துழாவி, யார் எங்கே போகிறார், வீட்டில் யார் தேடுவார்கள், செக் எவ்வளவு என்று பார்ப்பான். சிலரிடம் திருட்டோடு நிறுத்திக்கொண்டான். சிலரைத் தன் கடத்தல் வேலைக்கு வைத்துக்கொள்ளப் பார்த்தான். பிரெஞ்சு போலீஸில் வேலை பார்த்துவிட்டு வந்த இருவரின் பாஸ்போர்ட்களை அவனே எடுத்து ஒளித்துவிட்டு, அவர்கள் பறிகொடுத்துத் தவித்தபோது அவனே ஆதரவு கொடுத்துத் தன் வீட்டில் தங்கவைத்தான். முன்னாள் போலீஸ்காரர்களையே! நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று நாம் எத்தனையோ பேரைச் சொல்கிறோம். இவன் அதைத் தொழிலாகவே படித்தவன்.

சிலரைக் கொன்றான். அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து, நேபாள மடாலயம் ஒன்றுக்குப் போகும் வழியில் பாங்காக் வந்த இளம்பெண் 1975 அக்டோபரில் பட்டாயா கடலில் பூப்போட்ட பிகினியோடு பிணமாக மிதந்தாள். நீந்தப் போய் மூழ்கிவிட்டாள் என்று கோப்பை மூடினார்கள். துருக்கியிலிருந்து வந்த ஓர் இளைஞனின் உடல் சாலையோரத்தில் எரிந்த நிலையில் கிடைத்தது. அவனைத் தேடிக்கொண்டு வந்த காதலியும் சில வாரங்களில் பிணமானாள். மொத்தம் எத்தனை பேர்? பன்னிரண்டுக்குக் குறையாது என்கிறார்கள். இருபதைத் தாண்டும் என்பவர்களும் உண்டு.

நம் ரயில் நிலையங்களில் ஒலிபெருக்கி இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, முன்பின் தெரியாதவர் தரும் உணவை வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்று. மயக்க பிஸ்கட்டுக்காரர்களின் தொழிலை அவன் விமானம் ஏற்றிக்கொண்டு போனான் என்றுகூடச் சொல்லலாம். வித்தியாசம், பிஸ்கட்டுக்காரன் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவான்; இவன் பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பான்.

அவன் விட்டுப் போன கடை இன்னும் திறந்தே இருக்கிறது. பாங்காக் அரண்மனைக்குப் பக்கத்தில் நல்ல உடையணிந்த ஒருவர் வந்து, இன்று கோயில் மூடியிருக்கிறது என்பார். வாருங்கள், வேறு இடம் காட்டுகிறேன் என்று டுக்-டுக் பிடித்துக் கொடுப்பார். சுற்றிச் சுற்றி வண்டி போய் நிற்பது ரத்தினக் கடை வாசலில். அதே ஊர், அதே கல். கொலை இல்லை, அவ்வளவே. கொலம்பியாவில் இப்போது டேட்டிங் செயலி வழியாக அழைத்து, பானத்தில் மயக்க மருந்து கலக்கிறார்கள். 2023 நவம்பர், டிசம்பர் இரண்டு மாதங்களில் மட்டும் மெடலின் நகரில் அமெரிக்கர்கள் எட்டுப் பேர் சந்தேகத்துக்குரிய முறையில் இறந்ததாக அமெரிக்கத் தூதரகமே எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 2022-ல் மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யச் சொல்லி அடிபட்ட கதையையும் நாம் படித்தோம். அங்கேயும் முதலில் வாங்கி வைத்துக்கொண்டது பாஸ்போர்ட்டைத்தான்.

தூதரகத்தில் ஒரு கடிதம்

சோப்ராஜைப் பிடிக்க வழி செய்தவரிடம் வசீகரம் என்று எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பாங்காக்கில் நெதர்லாந்துத் தூதரகத்தில் மூன்றாம் செயலராக இருந்த இளம் அதிகாரி ஹெர்மன் நிப்பன்பெர்க். 1976 பிப்ரவரியில் அவர் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. ஆசியாவில் பயணம் செய்துகொண்டிருந்த டச்சு இளம் ஜோடி ஒன்று வீட்டுக்குத் தவறாமல் கடிதம் எழுதும் வழக்கம் உடையது. திடீரென்று கடிதம் நின்றுவிட்டது. கொஞ்சம் விசாரித்துச் சொல்ல முடியுமா? எழுதியவர்கள் குடும்பத்தார்.

தூதரகங்களுக்கு இப்படிக் கடிதங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். பதில் போட்டுவிட்டுக் கோப்பில் செருகுவதுதான் வழக்கம். நிப்பன்பெர்க் செருகவில்லை. வாரம் தவறாமல் எழுதியவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்ற கேள்வி அவரை உறுத்தியது. டிசம்பரில் அயுத்தயாவுக்கு அருகில் சாலையோரம் எரிந்து கிடந்த இரண்டு உடல்கள் அவர் நினைவுக்கு வந்தன. அவை காணாமல்போன ஆஸ்திரேலியத் தம்பதியுடையவை என்று போலீஸ் முடிவு கட்டியிருந்தது. அந்த ஆஸ்திரேலியர்களோ உயிரோடு வந்து நின்றார்கள். அப்படியானால் அந்த உடல்கள் யாருடையவை? நெதர்லாந்திலிருந்து பல் மருத்துவக் குறிப்புகளை வரவழைத்தார். பாங்காக்கிலிருந்த டச்சுப் பல் மருத்துவர் ஒருவர் பிணவறைக்குப் போய் ஒப்பிட்டுப் பார்த்தார். அதே ஜோடிதான்.

அவர்கள் ஹாங்காங்கில் ஒரு ரத்தின வியாபாரியைச் சந்தித்திருந்தார்கள். மோதிரம் வாங்கினார்கள். பாங்காக்குக்கு வந்தால் என் வீட்டில் தங்குங்கள் என்று அவன் அழைத்திருந்தான். இதையெல்லாம் வீட்டுக்கு எழுதிய கடிதங்களிலேயே சொல்லியிருந்தார்கள். பெல்ஜியத் தூதரகத்தில் இருந்த நண்பர் ஒருவர், ரத்தின வியாபாரி ஒருவனின் வீட்டில் டச்சுப் பாஸ்போர்ட்கள் இருப்பதாகத் தன் காதில் விழுந்ததைச் சொன்னார். நூல் கனித் ஹவுஸுக்குப் போனது. அங்கே அடுத்த வீட்டில் குடியிருந்த பிரெஞ்சுப் பெண் ஏற்கெனவே பயத்தில் உறைந்திருந்தாள். அந்த நோயாளி இளைஞனும் முன்னாள் போலீஸ்காரர்கள் இருவரும், சோப்ராஜ் வெளியூர் போயிருந்த நேரத்தில் பெட்டகத்தைத் திறந்து, உள்ளே அடுக்கி வைத்திருந்த பலருடைய பாஸ்போர்ட்களைப் பார்த்து நடுங்கி, பாரிஸுக்கு ஓடிப்போயிருந்தார்கள்.

அவன் போயிருந்த வெளியூர் காத்மாண்டு. போனது அந்த டச்சு இளைஞனின் பாஸ்போர்ட்டில். அதாவது அயுத்தயா சாலையோரத்தில் கரிக்கட்டையாகக் கிடந்தவன், குடியேற்றத் துறை ஏட்டின்படி, நேபாளத்தில் இறங்கி ஹோட்டலில் அறை எடுத்திருந்தான். அதே நாட்களில் காத்மாண்டு பள்ளத்தாக்கில் அமெரிக்கப் பெண் ஒருத்தியும் கனடா நாட்டு இளைஞன் ஒருவனும் கத்திக்குத்துப்பட்டு, எரிக்கப்பட்டுக் கிடந்தார்கள்.

1976 மார்ச்சில் தாய்லாந்து போலீஸ் 504-ம் வீட்டைச் சோதனையிட்டது. நான் அமெரிக்கன் என்று ஒரு அமெரிக்கப் பாஸ்போர்ட்டை நீட்டினான். படம் அவனுடையது, பெயர் வேறு யாருடையதோ. விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் நாட்டில் வெளிநாட்டுக்காரர்கள் கொலை என்று செய்தி வருவதை யாரும் விரும்பவில்லை என்று சொல்வார்கள். லஞ்சம் என்றும் சொல்வார்கள். எதுவானாலும் அவன் நாட்டை விட்டுப் போய்விட்டான். கூடவே போன இந்தியக் கூட்டாளி அஜய் சௌத்ரி மலேசியாவுக்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை, இன்றுவரை.

காலியான வீட்டுக்குள் போக நிப்பன்பெர்க்கே அனுமதி வாங்கினார். குவியலாக மருந்துகள், ஊசிகள், செத்துப்போன டச்சுப் பெண்ணின் உடைமைகள். எல்லாவற்றையும் பட்டியல் போட்டார். சாட்சிகளின் வாக்குமூலங்களை எழுதினார், நகலெடுத்தார், தேதி வாரியாக அடுக்கினார். தூதரகத்தில் இருந்த மேலதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை; இராஜதந்திரிக்குத் துப்பறியும் வேலை எதற்கு என்ற எரிச்சல். அவர் விடவில்லை. அந்தக் கோப்புதான் சர்வதேச போலீஸ் எச்சரிக்கைக்கு அடிப்படையானது.

இனிப்பு தின்ற காவலர்கள்

1976 ஜூலை 5. டெல்லி விக்ரம் ஹோட்டலில் பிரெஞ்சு மாணவர்கள் சுமார் அறுபது பேர். சோப்ராஜ் அவர்களோடு வழிகாட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தான். இந்தியாவில் வயிறு கெடும், முன்னெச்சரிக்கையாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தான். படுக்கையில் போய் விழட்டும், அறை அறையாகச் சுருட்டலாம் என்பது கணக்கு. அளவு தப்பிவிட்டது. வரவேற்புக் கூடத்திலேயே மாணவர்கள் ஒவ்வொருவராகச் சரிய ஆரம்பித்தார்கள். மாத்திரையை விழுங்காத சிலருக்கு விஷயம் புரிந்தது. பாய்ந்து அமுக்கிப் பிடித்தார்கள். பல நாட்டுப் போலீஸுக்குப் பெப்பே காட்டியவனைக் கடைசியில் பிடித்தது மாணவர்கள். ஒவ்வொருவராக வரும் பயணியை வைத்துத் தொழில் செய்தவனுக்குக் கும்பல் ஒத்துவரவில்லை.

கனடா நாட்டுக் காதலி மேரி-ஆந்த்ரே லெக்லெரும் சிறைக்குப் போனாள். புற்றுநோய் வந்ததால் சொந்த ஊருக்குப் போக அனுமதி கிடைத்து, 1984-ல் அங்கே இறந்தாள். அவள் அவனுடைய பலியா, கூட்டாளியா என்ற விவாதம் ஓயவில்லை. இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

டெல்லி நீதிமன்றங்கள் அவனுக்கு 12 ஆண்டு தண்டனை கொடுத்தன. திகாரில் அவன் வாழ்ந்த வாழ்க்கை தனிக்கதை. உடம்புக்குள் ஒளித்துக் கொண்டுபோன ரத்தினக் கற்களில் தொடங்கி, எந்த அதிகாரிக்கு என்ன பலவீனம் என்ற தகவல் வரை எல்லாவற்றையும் காசாக்கினான். தொலைக்காட்சிப் பெட்டி, தட்டச்சு இயந்திரம், பிடித்த சாப்பாடு, பேட்டி எடுக்க வரும் வெளிநாட்டு நிருபர்கள். ஒரு பத்திரிகையாளரிடம் கொலைகளை விவரமாகச் சொல்லிவிட்டு, பிறகு அப்படிச் சொல்லவே இல்லை என்றான்.

தண்டனைக் காலம் முடியும் நேரம் நெருங்கியது. முடிந்தால் என்ன நடக்கும்? தாய்லாந்து காத்திருக்கிறது, அங்கே மரண தண்டனை. ஆனால் அந்த நாட்டுச் சட்டப்படி பிடியாணைக்கு ஆயுள் 20 ஆண்டுதான். அதுவரை இந்தியச் சிறையிலேயே இருந்தாக வேண்டும். சிறையில் இருக்க வழி? தப்பித்துப் போய் மாட்டிக்கொள்வது!

1986 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. பிறந்த நாள் என்று சொல்லிக் காவலர்களுக்கும் கைதிகளுக்கும் இனிப்பும் பழமும் பரிமாறினான். காவலர்கள் தின்றுவிட்டுத் தூங்கினார்கள். அவன் வெளியேறினான். நிஜப் பிறந்த நாள் ஏப்ரல் 6. அன்றைக்குக் கோவாவின் போர்வோரிமில் ஓ கொகேரோ உணவகத்தில் உட்கார்ந்திருந்தான். மும்பை போலீஸ் ஆய்வாளர் மதுக்கர் ஜெண்டே பக்கத்தில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். 1971-லும் அவனைப் பிடித்தவர் இதே ஜெண்டேதான். கைவிலங்கு கொண்டுவரவில்லை, உணவகத்தில் கயிறு வாங்கிக் கட்டினார்கள். பிற்பாடு அந்த உணவகத்தில் சோப்ராஜுக்குச் சிலை வைத்தார்கள், மேசையில் சாப்பிட உட்கார்ந்திருப்பதுபோல. சுற்றுலாப் பயணிகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்! சுற்றுலாப் பயணிகளைக் கொன்றவனின் சிலையோடு. இதற்கு என்ன சொல்ல?

திட்டம் பலித்தது. தண்டனை நீண்டது. தாய்லாந்தின் பிடியாணை காலாவதியானது. 1997 பிப்ரவரியில் விடுதலையாகிப் பாரிஸ் போனான். பேட்டிக்குக் காசு வாங்கினான், தன் கதைக்கு விலை பேசினான்.  பத்திரிகைகளில் அவன் படம் வந்துகொண்டிருந்தது.

காகிதங்கள் பேசின

2003-ல் அவன் ஏன் காத்மாண்டு போனான்? உலகத்தில் அவன்மேல் கொலை வழக்கு உயிரோடு இருந்த ஒரே நாடு நேபாளம் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். அங்கேயே போய், தெருவில் உலாத்தி, கேசினோவில் சீட்டாடினான். தொழில் விஷயமாக என்றான் அவன். திமிர் என்கிறார்கள் மற்றவர்கள். முப்பது ஆண்டாக வசீகரன், மேதை, சர்ப்பம் என்று எழுதியதையெல்லாம் எழுதியவர்களைவிட அவன் அதிகமாக நம்பிவிட்டான் என்பது என் எண்ணம். ‘தி ஹிமாலயன் டைம்ஸ்’ பத்திரிகையாளர் ஒருவர் அடையாளம் கண்டு செய்தி போட்டார். செப்டம்பர் 19-ம் தேதி யாக் அண்ட் யெட்டி ஹோட்டல் கேசினோவில் போலீஸ் கைது செய்தது.

இதற்குமுன் நான் நேபாளத்துக்கு வந்ததே இல்லை என்று நீதிமன்றத்தில் சாதித்தான். வழக்கு நின்றது அந்த ஒரு புள்ளியில்தான். 28 ஆண்டுகள் கழிந்திருந்தன. பார்த்தவர்கள் பலர் செத்திருந்தார்கள், இருந்தவர்களுக்கு நினைவு மங்கியிருந்தது. மங்காதது காகிதம். ஓய்வுபெற்று நியூசிலாந்தின் வெலிங்டனில் இருந்த நிப்பன்பெர்க், செய்தி கேட்டதும் தன் வீட்டில் பெட்டி பெட்டியாகப் பாதுகாத்து வைத்திருந்த கோப்புகளைத் திறந்தார். நகல்கள் போய்ச் சேர்ந்தன. 1975 டிசம்பரில் டச்சுப் பெயரில் வந்து இறங்கிய பயணியின் பதிவு அட்டைகளும் அதிலிருந்த கையெழுத்தும் முன்னால் வைக்கப்பட்டன. எல்லைச் சாவடியில் ஆளைப் பார்க்க மாட்டார்கள், காகிதத்தைத்தான் பார்ப்பார்கள் என்று நம்பியவன், ஒவ்வொரு சாவடியிலும் ஹோட்டல் மேசையிலும் தன் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

2004 ஆகஸ்டில் அமெரிக்கப் பெண்ணின் கொலைக்காக ஆயுள் தண்டனை. கனடா இளைஞனின் கொலைக்கு 2014-ல் பக்தபூர் நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்றது. பாங்காக்கிலும் பட்டாயாவிலும் அயுத்தயா சாலையிலும் நடந்த சாவுகளுக்கு அவன் எந்த நீதிமன்றக் கூண்டிலும் நிற்கவில்லை.

சிறையில் முதுமை வந்தது. 2017-ல் இதய அறுவை சிகிச்சை. தண்டனையில் முக்கால் பங்கைக் கழித்த கைதியை நன்னடத்தையின் பேரில் விடலாம் என்பது நேபாளச் சட்டம். 2022 டிசம்பர் 21-ல் உச்ச நீதிமன்றம் விடுதலைக்கு உத்தரவிட்டது. இரண்டு நாள் கழித்து, பத்தாண்டுகளுக்கு நாட்டுக்குள் நுழையத் தடை விதித்து விமானம் ஏற்றினார்கள். இந்த முறை பயணம் சொந்தப் பெயரில். அப்போது அவனுக்கு வயது 78. விமானத்தில் கூடவே பயணம் செய்த ஏ.எஃப்.பி. நிருபரிடம், தான் குற்றமற்றவன் என்றும், நேபாள அரசு உட்படப் பலர்மேல் வழக்குப் போடப் போவதாகவும், அதற்காகச் செய்யவேண்டிய வேலைகள் நிறைய இருப்பதாகவும் சொன்னான்.